இலையைப் புரட்டிப் பாருங்கள்

டெல்லி வெயிலிலும் ஆப்பிள் காய்க்கும் என்று போன இதழில் எழுதினேன். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ் பால்கனிகளில் ஆப்பிள் கன்றுகள் வரிசையாக ஏறிவிட்டன என்பது வந்திருக்கும் கடிதங்களில் தெரிகிறது. ஆனால் பழத்தைப் பற்றிக் கேட்டவர் சிலர்தான். இலையைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். சிலர் உறைக்குள் இலையையே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி நன்றி. நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை இலை ஒரு புள்ளியில் சொல்லிவிடும்.

கே: ஆப்பிள் கன்று வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. என்ன மருந்து அடிக்கட்டும்?
– கோல் மார்க்கெட் வாசகி

ப: இப்போதைக்கு எதுவும் அடிக்காதீர்கள். உதிர்வது அடி இலையா, நுனி இலையா என்று முதலில் பாருங்கள். அடி இலை உதிர்ந்து நுனி பச்சையாக இருந்தால் அது நோயில்லை, இடம் மாறிய வருத்தம். நர்சரியில் பச்சை வலைக்குக் கீழே வளர்ந்த பிள்ளையை மொட்டை மாடியில் நிறுத்தியிருக்கிறீர்கள். இரண்டு வாரம் காலை வெயில் மட்டும் படட்டும். விரலை மண்ணுக்குள் விட்டு, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். உரம் வேண்டாம். மற்ற தொட்டிகளிலிருந்து தள்ளியே வையுங்கள். புதிதாக வந்த செடி தன்னோடு எதைக் கொண்டுவந்தது என்பது தெரிய அந்த இரண்டு வாரம் ஆகும். நுனி இலையிலும் புள்ளி தெரிந்தால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கே: எல்லா இலை நோயும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகிறது. எப்படிப் பிரித்தறிவது?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மந்திர் மார்க்

ப: உறைகளில் வந்த இலைகளைச் சாட்சியாக வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

விபூதி பூசியதுபோல் வெள்ளை மாவு, நுனி இலை குறுகிச் சுருண்டிருக்கிறது: சாம்பல் நோய். இதற்கு மழை தேவையில்லை. பகலில் வெயிலும் இரவில் ஈரக்காற்றும் போதும். போன வருடத்து மொட்டுக்குள் தங்கியிருந்து புதுத் துளிரோடு வெளியே வரும். ஆகவே அந்த நுனியை மொட்டோடு நறுக்குவதுதான் முதல் வைத்தியம்.

பாசி நிறத்தில் வெல்வெட் துணிபோல் புள்ளி, நாளாக நாளாகக் கறுத்து, இலை அந்த இடத்தில் உப்பி நெளிகிறது: சொறி நோய்.

பழுப்பு வட்டம், ஓரத்தில் ஊதாக் கரை, வட்டத்துக்குள் வட்டம்: ஆல்டர்னேரியா இலைப்புள்ளி. ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் டெல்லியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

கரும்புள்ளிகள் ஒன்றோடொன்று சேர, இலை மஞ்சளாகி, ஆங்காங்கே பச்சைத் திட்டு மட்டும் மிஞ்சி, மழைக்காலத்தில் கொத்துக்கொத்தாக உதிர்கிறது: மார்சோனினா. இமாச்சலத் தோட்டக்காரர்கள் 1990களிலிருந்து மல்லுக்கட்டும் இலையுதிர்வு இது.

புள்ளியே இல்லை, இலை தேய்க்காத வெண்கலப் பாத்திரம்போல் மங்கியிருக்கிறது. பின்பக்கம் மெல்லிய நூலாம்படை. இது பூஞ்சை இல்லை, சிலந்திப் பேன். இலைக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நடக்க ஆரம்பித்தால் விடை கிடைத்துவிட்டது. விடியற்காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிட வேண்டும். நாலைந்து நாளைக்கு ஒருமுறை கழுவினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கே: இலைப்புள்ளிதான் என்று தெரிந்துவிட்டது. கடையில் மூன்று மருந்தைச் சேர்த்துக் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– டி.ஐ.இஸட். ஏரியா வாசகர்

ப: வேண்டாம். ஒரு நோய்க்கு ஒரு மருந்து. புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எடுத்த பிறகும் பரவினால் மாங்கோசெப். சிம்லா பக்கத்துத் தோட்டங்களில் 200 லிட்டர் டிரம்முக்கு 600 கிராம் என்று கணக்கு. உங்கள் தொட்டிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 3 கிராம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை, அவ்வளவுதான். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம். கையுறையும் முகமூடியும் கட்டாயம். குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு, காற்று அடங்கிய மாலையில் தெளியுங்கள். உங்கள் பால்கனிக்குக் கீழேயும் ஒரு குடும்பம் துணி உலர்த்துகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் இலையைக் கருக்கும். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தெளித்தாலும் கருக்கும். ஒரு ஏப்ரலில் அவசரப்பட்டு நண்பகலில் கந்தகம் தெளித்தேன். சாம்பல் நோய் பத்து இலையைத் தொட்டிருந்தது; என் மருந்து மரம் முழுவதையும் தொட்டது. அந்த வருத்தத்தில்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கே: கன்றின் இலையைப் புரட்டினால் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை வெல்வெட். இலைக்காம்பிலிருந்தே மூன்று நரம்பு ஓடுகிறது. தண்டில் முள்ளும் இருக்கிறது. முற்றிய நோயா?
– பாபா கரக் சிங் மார்க் பக்கத்து வாசகர்

ப: உங்கள் கன்று பூரண ஆரோக்கியத்தில் இருக்கிறது. ஆனால் அது ஆப்பிள் இல்லை, இலந்தை. பெரிய பழம் தரும் இலந்தை வகையை ‘ஆப்பிள் பேர்’ என்று விற்கிறார்கள். ‘பேர்’ என்றால் இந்தியில் இலந்தை. முன்பாதியை மட்டும் கேட்டு வாங்கிவந்திருக்கிறீர்கள். பிடுங்கிவிடாதீர்கள். டெல்லி வெயிலுக்கு ஆப்பிளைவிட அதுவே நெருங்கிய சொந்தம். இலந்தை வடை தின்று வளர்ந்த நமக்கும்தான்.

கே: எங்கள் கன்று நிஜமான ஆப்பிள்தான். இளம் இலையின் அடியில் மெல்லிய வெண்முடி தெரிகிறது. சாம்பல் நோயா?
– பங்களா சாஹிப் பக்கத்து வாசகி

ப: இல்லை. ஆப்பிள் இலைக்கு அடிப்பக்கம் இயல்பாகவே பூனைமுடி உண்டு. விரலால் தேயுங்கள். மாவுபோல் விரலில் ஒட்டினால் நோய். ஒட்டாவிட்டால் அது பிறந்த உடம்பு.

கே: புது இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பழைய இலைகளின் ஓரம் கருகுகிறது. தினமும் ஆர்.ஓ. மிஷினிலிருந்து வரும் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன்.
– கோல் மார்க்கெட் வாசகர்

ப: கடைசி வரியில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு குழாய்த் தண்ணீரைவிடக் கூடுதல். நாம் குடிக்க மறுத்ததையெல்லாம் செடிக்கு ஊட்டுகிறோம். ஓரம் கருகுவது அந்த உப்பால். தரை துடைக்கவும் கழிவறைக்கும் அந்தத் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். வீணாக்காத உங்கள் மனசு நல்ல மனசு, இடம் மட்டும் மாறட்டும்.

நரம்பு பச்சை, இடையில் மஞ்சள் என்பது இரும்புச்சத்துக் குறை. டெல்லி மண் காரத்தன்மை உள்ளது. மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. சாதாரணத் தண்ணீரை அடித்துளை வழியே வழியும்வரை இரண்டு மூன்று முறை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் கலந்து, முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்துப் பாருங்கள். மூன்று நாளில் அந்தக் கிளை கருகாவிட்டால் மற்றவற்றுக்கும் மாலையில் தெளிக்கலாம். புதிதாக வரும் இலைகள் பச்சையாக வந்தால் வெற்றி.

கே: ஒரு பக்கத்து இலைகள் மட்டும் ஓரம் காய்ந்து சுருள்கின்றன. மறுபக்கம் செழிப்பு. இது என்ன விசித்திர நோய்?
– பஞ்ச்குயியான் ரோடு வாசகர்

ப: காய்கிற பக்கம் திரும்பி நில்லுங்கள். எதிரே ஏ.சி.யின் வெளிப்பெட்டி இருக்கிறதா? மே மாதத்து லூ என்னும் அனல்காற்றை ஏ.சி. ஓடும்போதெல்லாம் வீசும் பெட்டி அது. தொட்டியை நகர்த்துங்கள், குணமாகும்.

கே: சொறி நோய் வந்தால் மரமே போய்விடுமாமே? இமாச்சலத்திலிருந்து வந்த கன்று என்பதால் பயமாக இருக்கிறது.
– மந்திர் மார்க் வாசகி

ப: பயத்துக்குக் காரணம் உண்டு, ஆனால் அது மலைக்காரர்களின் பயம். 1973இல் காஷ்மீர்த் தோட்டங்களில் சொறி நோய் கொள்ளைநோயாகப் பரவியது. 1977இல் இமாச்சலத்தில் தென்பட்டது. 1983இல் அங்கே விளைச்சலைச் சூறையாடியது. சொறி பிடித்த பழங்களை அரசே விலைகொடுத்து வாங்கி அழிக்கும் நிலை வந்தது. ஒரு வருட உழைப்பைக் குழியில் கொட்டியதைப் பார்த்து நின்ற குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். ஆஸாத்பூர் மண்டியில் நாம் பேரம் பேசி வாங்கும் ஒவ்வொரு பளபளப்பான பழத்துக்குப் பின்னாலும் பத்துக்குக் குறையாத முறை மரத்தின் இலையை அண்ணாந்து பார்த்த ஒருவர் இருக்கிறார்.

சொறி நோயின் பூஞ்சைக்குக் குளிர்ச்சியும் ஈரமும் வேண்டும். கிட்டத்தட்ட 16 முதல் 24 டிகிரியில், இலை ஒன்பது மணி நேரம்போல் நனைந்தே இருந்தால்தான் வித்து உள்ளே நுழையும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மில்ஸ் என்பவர் 1944இல் வெளியிட்ட இந்த ஈரக் கணக்கை அடிப்படையாக வைத்துத்தான் இன்றும் பல நாடுகளில் மருந்து தெளிக்கும் நாளை முடிவு செய்கிறார்கள். டெல்லிக் கோடை அந்தப் பூஞ்சைக்கு ஒத்துவராது. கன்றோடு வந்திருந்தாலும் இங்கே குடும்பம் பெருக்குவது கடினம். காஷ்மீரில் வேளாண் பல்கலைக்கழகத்தார் நோயைத் தாங்கும் ஷிரீன், ஃபிர்தௌஸ் என்ற ரகங்களையே உருவாக்கியிருக்கிறார்கள்.

உங்களுக்கு இதில் பாடம் ஒன்று உண்டு: தண்ணீரைக் காலையில் வேருக்கு ஊற்றுங்கள், இலைக்கு வேண்டாம். இரவு முழுக்க நனைந்த இலை பூஞ்சைக்குத் திறந்துவைத்த கதவு.

கே: பக்கத்தில் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. ஆப்பிளின் நோய் தொற்றுமா?
– கோல் மார்க்கெட் இல்லத்தரசி

ப: ஆப்பிளின் சொறியும் சாம்பல் நோயும் கறிவேப்பிலையைத் தீண்டாது. பூஞ்சைகள் பெரும்பாலும் தமக்கென்று வீடு பார்த்துத்தான் குடியேறும். சிலந்திப் பேனும் மாவுப்பூச்சியும் அப்படியல்ல; எல்லா வீட்டிலும் சாப்பிடும். ஆனால் எனக்குப் பயம் மறுபக்கம். ஆப்பிளுக்குத் தெளிக்கும் மருந்து கறிவேப்பிலையில் படிந்து, அங்கிருந்து உங்கள் ரசத்துக்குள் வரும். தெளிக்கும் நாளில் கறிவேப்பிலையும் துளசியும் வேறு அறையில் இருக்கட்டும்.

கே: சாம்பல் நோய்க்குப் பாலும் மோரும் தெளிக்கலாம் என்கிறார் என் மாமியார். உண்மையா?
– டி.ஐ.இஸட். ஏரியா மருமகள்

ப: உங்கள் அத்தை சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. பிரேசிலில் பெத்தியோல் என்ற ஆய்வாளர் பசும்பாலைத் தண்ணீரில் கலந்து சுக்கினி எனும் பூசணி வகைச் செடியில் தெளித்து, சாம்பல் நோய் கட்டுப்படுவதை 1999இல் வெளியிட்டார். ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணீர். காலை வெயிலில், வாரம் ஒருமுறை. நோய் ஆரம்பத்தில் இருக்கும்போதே தெளிக்க வேண்டும். இலைப்புள்ளிக்கு இதை நம்பி உட்காராதீர்கள். மோரைவிடப் பாலுக்குத்தான் எண்ணிக்கையோடு சான்று இருக்கிறது என்பதை மட்டும் அத்தையிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

கே: காபிச் சக்கை?
– சாணக்யபுரி வாசகர்

ப: மட்கிய பிறகு உரம். மட்காமல் போட்டால் பூசணத்துக்கு விருந்து.

கே: எங்கள் அப்பா ஊரில் திராட்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் அடிப்பார். ஆப்பிளுக்கும் அடிக்கலாமா?
– கரோல் பாக் வாசகர், சொந்த ஊர் கம்பம்

ப: தாராளமாக. ஆனால் இலை இல்லாத குளிர்காலத்தில். இளம் இலையில் பட்டால் சுட்டுவிடும். 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரில் கரையுங்கள். துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் நனைத்து எடுங்கள். செம்பு படிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும். அன்றே தெளித்து முடித்துவிடுங்கள்.

உங்கள் அப்பா அடித்த மருந்துக்குப் பிரான்ஸில் ஒரு சுவையான கதை உண்டு. போர்டோ பக்கத்தில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்க விவசாயிகள் இந்தக் கலவையைப் பூசி அருவருப்பாகக் காட்டினார்கள். பூசிய கொடிகளில் மட்டும் நோய் இல்லாததை மில்லார்தே என்ற தாவரவியலாளர் கவனித்தார். 1885இல் அது மருந்தாக வெளிவந்தது. திருடனுக்குப் பூசியது பூஞ்சைக்கும் பலித்தது. பலித்ததைக் கண்டது ஒருவர் நின்று இலையைப் பார்த்ததால்.

கே: கிள்ளிய இலைகளை எரித்துவிட்டால் நோய் போய்விடும் அல்லவா?
– கோல் மார்க்கெட் வாசகர்

ப: நோய் போகும், காற்றும் போகும். தலைநகரில் இலையை எரிக்கத் தடை இருக்கிறது. நவம்பர் காலையில் ஜன்னலைத் திறந்து மூச்சு விட்டவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நோயுள்ள இலையை உறையில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுங்கள், அல்லது அரை அடி ஆழத்தில் புதையுங்கள். தொட்டிக்குள் மட்டும் விடாதீர்கள். சொறி நோயும் மார்சோனினாவும் குளிர்காலத்தைக் கழிப்பது உதிர்ந்த இலைக்குள்தான். மருந்துப் புட்டி செய்யும் வேலையில் பாதியைத் துடைப்பம் செய்துவிடும்.

கே: கிளையில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை. பூசணமா?
– கொடைக்கானல் வாசகர்

ப: தொட்டு நசுக்குங்கள். செந்நிறச் சாறு வந்தால் பஞ்சு அசுவினி. வேரிலும் போய் உட்காரும். பழைய துணியை மண்ணெண்ணெயில் நனைக்காமல், சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். அசுவினி கறுத்து, முதுகில் வட்டமான ஓட்டை தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். அஃபெலினஸ் என்ற கடுகளவு குளவி உங்களுக்காக வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறது. இனி நடும்போது கொடைக்கானல் ஆராய்ச்சி நிலையத்தின் கே.கே.எல். 1 போன்ற உள்ளூர் ரகத்தை, எம்.எம். 106 அல்லது எம்.எம். 111 வேர்ச்செடியில் ஒட்டியதாகக் கேளுங்கள். எம்.எம். வரிசை வேர்ச்செடிகளை இங்கிலாந்தில் உருவாக்கியதே இந்த அசுவினிக்கு ஈடுகொடுக்கத்தான்.

கே: இலையில் ஆரஞ்சு நிறப் பொட்டு, அடியில் மீசைபோல் குழாய்கள். இங்கே யாருக்கும் தெரியவில்லை.
– ஸ்கார்பரோ, கனடா

ப: துரு நோய். அந்தப் பூஞ்சைக்குப் பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு ஒன்று. ஆப்பிள் இலையில் பாதி வாழ்க்கை, ஜூனிபர் மரத்தில் மீதி. பக்கத்தில் ஜூனிபர் புதர் இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்கால முடிவில் அதில் தெரியும் பழுப்பு முண்டுகளை வெட்டி எடுத்தால் அடுத்த வசந்தத்தில் உங்கள் ஆப்பிளுக்குத் தொல்லை குறையும்.

கே: அடுத்த முறை எந்த ரகம் வாங்குவது? எதைப் பார்த்து வாங்குவது?
– கோல் மார்க்கெட் வாசகர்

ப: மலை ஆப்பிளுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரம்போல் தூக்கம் வேண்டும். அதை டெல்லி தராது. குறைந்த குளிரில் காய்க்கும் அன்னா, டார்செட் கோல்டன் இரண்டையும் ஜோடியாக வாங்குங்கள். ஒன்றுக்கு ஒன்று மகரந்தம் தரும். அன்னா இஸ்ரேலில் பிறந்தது, டார்செட் கோல்டன் பஹாமாஸ் தீவில். நம் நாட்டுப் பிள்ளை எச்.ஆர்.எம்.என். 99. இமாச்சலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஆப்பிளுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட தாழ்ந்த வெப்ப நிலத்தில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி கண்டெடுத்து வளர்த்தது. 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த ரகம் ராஷ்டிரபதி பவன் வளாகத்திலும் நடப்பட்டிருக்கிறது. உங்கள் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரம்.

வாங்கும்போது ஐந்து இலையைப் புரட்டுங்கள். ஒட்டுப்போட்ட முண்டு மண்ணுக்கு மேலே தெரிகிறதா என்று பாருங்கள். தண்டில் பஞ்சு இருக்கக் கூடாது. ரகத்தின் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பழம் தொங்கும் கன்றைவிட இலை சுத்தமான கன்று மேல்.

கே: நோய் வந்த இலையைக் கிள்ளினால் மரத்துக்குக் கஷ்டமாக இருக்காதா?
– ஆறாம் வகுப்பு மாணவி, மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளி

ப: நல்ல கேள்வி, கண்ணு. இலைதான் மரத்தின் சமையலறை. ஒரு ஆப்பிள் பழம் நன்றாகப் பருக்க முப்பது நாற்பது இலை சமைத்துப் போட வேண்டும். அதனால் கண்டபடி கிள்ளக் கூடாது. பாதிக்கு மேல் புள்ளி விழுந்த இலையை மட்டும் எடு. கொஞ்சம் புள்ளி உள்ள இலை இன்னும் சமைத்துக்கொண்டுதான் இருக்கிறது, விட்டுவிடு. முதல் வருடம் பிஞ்சு வந்தால் அதையும் எடுத்துவிடு. சின்னப் பிள்ளை தலையில் பெரிய சுமை வேண்டாம்.

கே: டிசம்பர் முடிந்தும் எங்கள் ஆப்பிளில் இலை உதிரவில்லை. சந்தோஷப்படலாமா?
– ஜனக்புரி வாசகர்

ப: அது தூங்காமல் விழித்திருக்கிறது. இந்தோனேசியாவின் பாத்து நகரில் குளிர்காலமே இல்லாத மலைச்சரிவில் ஆப்பிள் விளைகிறது. அறுவடை முடிந்ததும் விவசாயிகள் இலைகளைக் கையாலேயே உருவிவிடுகிறார்கள். மரம் மறுபடி துளிர்த்துப் பூக்கிறது. நீங்களும் டிசம்பர் கடைசியில் பழைய இலைகளை மெல்ல உருவிவிடலாம். நோயும் அவற்றோடு போகும்.

கே: போன ஜனவரியில் எங்கள் கன்றில் ஒரு இலைகூட இல்லை. செத்துவிட்டது என்று மாலி (தோட்டக்காரர்) பிடுங்கிப் போட்டார். உங்கள் கட்டுரையைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அது உயிரோடு இருந்திருக்குமோ?
– கோல் மார்க்கெட் பாட்டி

ப: இருந்திருக்கலாம், அம்மா. ஆப்பிள் ஜனவரியில் இலை இல்லாமல் நிற்பதுதான் அதன் உறக்கம். நம் மாமரம் ஒருநாளும் அப்படி முழுக்க உதிர்ந்து நிற்பதில்லை. நம் கண்ணுக்கு அது பழக்கமில்லை. தப்பு உங்களுடையதோ மாலியுடையதோ இல்லை.

இந்த முறை ஒரு கன்று வையுங்கள். ஜனவரியில் இலையெல்லாம் போனதும் சின்னக் கிளை ஒன்றில் நகத்தால் தோலை ஒரு நெல் அளவு கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால், கீழே கிடக்கும் இலைகளைப் பெருக்கி எடுத்துவிட்டு, மாலிக்கும் அந்தப் பச்சையைக் காட்டுங்கள்.